மாதம் 8 சதவீதம் தரும் கிளவுட் மைனிங்: இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

கோவில்பட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா பையன் ஒரு பிட்காயின் கிளவுட் மைனிங் திட்டத்தில் (மெஷின் கம்பெனியிடம், நமக்கு வருமானத்தில் பங்கு) 60,000 ரூபாய் போட்டிருக்கிறான். என்னையும் சேரச் சொல்லி நச்சரிக்கிறான். அவன் அனுப்பிய பிடிஎஃபில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "10 டெராஹாஷ் ஒப்பந்தம். எஸ்எச்ஏ-256. எஃப்பிபிஎஸ் முறையில் தினசரி பட்டுவாடா. டிஃபிகல்ட்டி ஏறினாலும் ஹால்விங் வந்தாலும் பாதிப்பு இல்லை. மாதம் 8 சதவீதம் உறுதி."

கிரிப்டோ வாங்கி விற்பது ஓரளவு தெரியும், மைனிங் சுத்தமாகத் தெரியாது. தேடிப் பார்த்தால் எல்லாரும் "கம்ப்யூட்டர்கள் கடினமான கணக்கைத் தீர்க்கின்றன" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்ன கணக்கு, யார் கொடுத்தது, தீர்த்தால் யாருக்கு லாபம்? ஆரம்பத்திலிருந்து யாராவது சொல்ல முடியுமா?

சந்தேகப்பேர்வழி:

"உறுதி" என்ற சொல் வந்த இடத்திலேயே பிடிஎஃபை மூடியிருக்கலாம். இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சித்தப்பா பையனிடம் பேச உதவும்.

நள்ளிரவு_நிரலர்:

"கடினமான கணக்கு" என்று சொல்வதால்தான் பாதிக் குழப்பம். அங்கே சமன்பாடு எதுவும் இல்லை, புத்திசாலித்தனத்துக்கு வேலையும் இல்லை. நடப்பது வெறும் ஊகம், அதுவும் பேய்வேகத்தில்.

முதலில் ஹாஷ். எந்தத் தகவலைக் கொடுத்தாலும், ஒரு வரியோ ஒரு முழு நாவலோ, எஸ்எச்ஏ-256 அதை 256 பிட் நீளமுள்ள ஒரே ஒரு எண்ணாக்கித் தரும். உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் வெளியே வரும் எண் அடியோடு மாறிவிடும். எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருந்தது என்று பின்னோக்கிப் போக வழியில்லை.

அடுத்து பிளாக். நீங்கள் பிட்காயின் அனுப்பினால் அந்தப் பரிவர்த்தனை முதலில் மெம்பூல் என்ற காத்திருப்பு இடத்துக்கு வரும். மைனர், அதாவது மைனிங் செய்கிறவர், அங்கிருந்து, பெரும்பாலும் கட்டணம் அதிகம் வைத்தவற்றைப் பொறுக்கி, ஒரு பிளாக்காகக் கட்டுகிறார். அந்த பிளாக்குக்கு 80 பைட் அளவில் ஒரு தலைப்பு இருக்கும். அதில் ஆறே விவரங்கள்: பதிப்பு எண், முந்தைய பிளாக்கின் ஹாஷ், உள்ளே இருக்கும் எல்லாப் பரிவர்த்தனைகளையும் சேர்த்துப் பிழிந்த ஒரு ஹாஷ் (இதற்கு மெர்க்கிள் ரூட் என்று பெயர்), நேரம், இலக்கு, அப்புறம் நான்ஸ் என்ற ஓர் எண். முந்தைய பிளாக்கின் ஹாஷ் உள்ளே உட்கார்ந்திருப்பதால்தான் இது சங்கிலி. பழைய பிளாக் ஒன்றில் யாராவது கைவைத்தால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை ஹாஷும் பொருந்தாமல் போய்விடும்.

இப்போது "கணக்கு". இந்த 80 பைட்டை இரண்டு முறை எஸ்எச்ஏ-256இல் போட்டு வரும் எண், நெட்வொர்க் வைத்திருக்கும் இலக்கைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லை என்றால் நான்ஸை மாற்று, மறுபடி போடு. தாயக்கட்டை உருட்டுவது போலத்தான்: இதுவரை எத்தனை முறை உருட்டியிருந்தாலும் அடுத்த உருட்டுக்கு அது உதவாது. வேகமாக உருட்டுகிறவருக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். விழுந்துவிட்டால் அது சரியா என்று மற்றவர்கள் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கண்டுபிடிப்பது மலையளவு வேலை, சரிபார்ப்பது நொடி வேலை. இதுதான் ப்ரூஃப் ஆஃப் வொர்க். முதலில் கண்டுபிடித்தவருக்குப் புது பிட்காயினும் பரிவர்த்தனைக் கட்டணமும் பரிசு.

பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2009 ஜனவரி 3 தேதியிட்டு உருவாக்கிய முதல் பிளாக்கின் நான்ஸ் 2083236893. அந்த பிளாக்கின் ஹாஷை எந்த பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் எடுத்துப் பார்த்தாலும் முன்னால் 10 பூஜ்யங்கள் இருக்கும், எண் அவ்வளவு சிறியது. அன்றைய இலக்குக்கு 8 பூஜ்யமே போதும். இன்று வரும் பிளாக்குகளைப் பாருங்கள், முன்னால் குறைந்தது 19 பூஜ்யம் இருக்கும். ஹாஷைப் பதினாறு குறிகளால் (0 முதல் 9, a முதல் f) எழுதும் இந்த முறையில் ஒவ்வொரு பூஜ்யம் கூடும்போதும் கிடைப்பது 16 மடங்கு அரிதாகிறது.

கோவில்பட்டிக்காரன்:

முதல்முறையாகப் புரிகிற மாதிரி இருக்கிறது அண்ணா. பூஜ்யம் கூடிக்கொண்டே போவதைத்தான் டிஃபிகல்ட்டி ஏறுகிறது என்கிறார்களா? அதை ஏற்றுவது யார்?

நள்ளிரவு_நிரலர்:

யாரும் இல்லை, விதி. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் வர வேண்டும் என்பது கணக்கு. 2016 பிளாக்குகளுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடந்த 2016 பிளாக் எவ்வளவு நேரத்தில் வந்தன என்று ஒவ்வொரு நோடும் (நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர்) தானே கணக்குப் போட்டு இலக்கை மாற்றிக்கொள்கிறது. மைனர்கள் கூடி பிளாக் வேகமாக வந்தால் டிஃபிகல்ட்டி ஏறும். ஆள் குறைந்தால் இறங்கும்.

இறங்கியும் இருக்கிறது. 2021 மே, ஜூனில் சீன அரசு மைனிங்கை அடக்கியபோது சிச்சுவான், சின்ஜியாங் பக்கம் இருந்த மைனிங் பண்ணைகள் வரிசையாக அணைந்தன. நெட்வொர்க்கின் மொத்த ஹாஷ்ரேட், அதாவது ஊகிக்கும் வேகம், ஏறத்தாழ பாதியாக விழுந்தது. பிளாக் வருவது தாமதமானது. ஜூலை 3ஆம் தேதி டிஃபிகல்ட்டி ஒரே அடியில் சுமார் 28 சதவீதம் இறங்கியது, அதுவரை இல்லாத இறக்கம். மிச்சமிருந்த மைனர்களுக்கு அதே மெஷினில் வருமானம் கூடியது. அணைந்த மெஷின்கள் அமெரிக்கா, கஜகஸ்தான் என்று போய்ச் சேர்ந்து மறுபடி ஓட ஆரம்பித்ததும் டிஃபிகல்ட்டியும் பழையபடி ஏறிவிட்டது.

ஆகவே "டிஃபிகல்ட்டி ஏறினாலும் பாதிப்பு இல்லை" என்று எழுதியிருப்பவர் மைனிங் செய்யவில்லை. செய்திருந்தால் எழுத மாட்டார்.

பழைய_ஜிபியு:

மெஷின் பக்கம் நான் சொல்கிறேன், அதில்தான் காசை விட்டவன்.

ஆரம்பத்தில் சாதாரண கம்ப்யூட்டரின் சிபியுவே போதும். 2010இல் ஜிபியு வந்தது, கேம் ஆடும் கிராஃபிக்ஸ் கார்டு. 2013இல் ஏசிக். இந்த ஒரு ஹாஷைத் தவிர வேறு எதுவும் தெரியாத சிப். அதன்பிறகு பிட்காயினில் ஜிபியு வைத்திருந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஈதீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ. கார்டுகளை வரிசையாகக் கம்பிச் சட்டத்தில் மாட்டி ரிக் என்று வைத்திருப்போம், மே மாதத்தில் அந்த அறைக்குள் நுழைய முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று ஈதீரியம் மைனிங்கையே நிறுத்திவிட்டு ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறியது. 32 ஈதர் (ஈதீரியத்தின் காசு) அடமானம் வைத்தவர் பிளாக் சரிபார்ப்பவர் ஆகலாம், கார்டு வேண்டாம். மறுநாள் ஆன்லைன் சந்தை முழுக்க "குறைவாகப் பயன்படுத்திய" கார்டுகள். வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

ஹாஷ்ரேட் என்பது ஒரு நொடியில் எத்தனை ஊகம் என்பதுதான். மெகா பத்து லட்சம், கிகா நூறு கோடி, டெரா ஒரு லட்சம் கோடி. அதற்கு மேல் பெட்டா, எக்சா. ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மெஷின் 200 டெராஹாஷ் ஓடும். நான்ஸில் இருக்கும் மொத்தம் 429 கோடிச் சொச்சம் எண்களை அது ஒரு கண் சிமிட்டலுக்குள் பல ஆயிரம் தடவை தின்று தீர்த்துவிடும். தீர்ந்ததும் பிளாக்கின் உள்ளே எக்ஸ்ட்ரா நான்ஸ் என்று இன்னோர் எண்ணை மாற்றி மறுபடி தொடங்கும்.

ஹாஷ்ரேட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பார்க்க வேண்டியது ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் மின்சாரம் என்பது. எஸ்21க்கு 17.5. எஸ்19 ப்ரோவுக்கு 30 பக்கம். பழைய எஸ்9 எல்லாம் 100ஐ ஒட்டி. அதைச் சும்மா கொடுத்தாலும் நம் ஊர் கரண்டுக்குக் கட்டாது.

ஈபி_ரிட்டையர்டு:

தம்பிமார்களே, அந்த 200 டெராஹாஷ் மெஷின் 3,500 வாட் என்று போட்டிருக்கிறது. வீட்டில் வைக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் பவர் பிளக்கின் எல்லை அது. கீசர் கால் மணி நேரம் ஓடும், இது வருடம் முழுக்க ஓடும். பழைய வயரிங் என்றால் பிளக் கருகும் வாசனையில்தான் விடியும்.

ஒரு நாளைக்கு 84 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 5,040 யூனிட். வீட்டு இணைப்பில் 1,000 யூனிட் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் டாரிஃப் மாற்றமும் அபராதமும் வேறு. அப்புறம் அந்த 3,500 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதை வெளியேற்ற ஏசி போட்டால் அதற்கு ஒரு பில். சத்தத்தைப் பற்றி நான் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்.

கோவில்பட்டிக்காரன்:

வீட்டில் வைக்கிற எண்ணமே இல்லை சார். அதனால்தான் கிளவுட் என்று வந்தோம். மெஷின் அவர்களிடம், நமக்கு வாடகைப் பங்கு என்கிறான். அந்த எஃப்பிபிஎஸ் என்றால் என்ன?

பழைய_ஜிபியு:

அதற்குப் பூல் தெரிய வேண்டும். தனியாக ஓட்டுவது சோலோ. உலகத்தின் மொத்த ஹாஷ்ரேட் 1,000 எக்சாஹாஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2025இல் அதைத் தொட்டுவிட்டது. அதில் ஒரு எஸ்21 சோலோவாக ஒரு பிளாக்கைப் பிடிக்கச் சராசரியாக 95 வருடம். நாளைக்கே கிடைக்கலாம், பேரன் காலத்திலும் கிடைக்காமல் போகலாம். அதனால் ஆயிரக்கணக்கான மைனர்கள் சேர்ந்து ஓட்டி, யாருக்கு விழுந்தாலும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். முதல் பூல் 2010இல் வந்த ஸ்லஷ் பூல்.

யார் எவ்வளவு உழைத்தார் என்று பூலுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் ஷேர். பூல் ஒவ்வொருவருக்கும் உண்மையான இலக்கைவிட மிக எளிதான ஓர் இலக்கைக் கொடுக்கும். அதற்குக் கீழே ஹாஷ் விழும்போதெல்லாம் மைனர் அதை அனுப்புவார். பிளாக்குக்கு அது உதவாது, ஆனால் "நான் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்பதற்குப் பொய் சொல்ல முடியாத சான்று. தாமதமாக வந்து சேர்ந்தால் ஸ்டேல் ஷேர், காசு கிடையாது.

பிபிஎஸ் என்றால் பூலுக்கு பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு ஷேருக்கும் நிர்ணயித்த தொகை. அபாயம் பூலுக்கு, அதனால் கமிஷன் கூடுதல். எஃப்பிபிஎஸ் அதேதான், பரிவர்த்தனைக் கட்டணத்தின் சராசரியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிபிஎல்என்எஸ் என்றால் பிளாக் விழுந்தால்தான் காசு, கடைசியாக வந்த இத்தனை ஷேர்களுக்குள் பிரிப்பார்கள். நடுவில் ஓடிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

கணக்குப்பிள்ளை:

சரி, எல்லாரும் எண்களை எடுத்துப் போட்டுவிட்டீர்கள், கூட்டிக் கழித்துவிடுவோம்.

2024 ஏப்ரல் ஹால்விங்குக்குப் பிறகு ஒரு பிளாக்குக்குப் பரிசு 3.125 பிட்காயின். நாளொன்றுக்கு 144 பிளாக் என்றால் உலகம் முழுவதற்கும் 450 பிட்காயின். மொத்தம் 1,000 எக்சாஹாஷில் உங்கள் 10 டெராஹாஷ் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஆக நாளொன்றுக்கு 450 சடோஷி. (ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சடோஷி.) பிட்காயின் விலை 80 லட்சம் என்று வைத்தால் 36 ரூபாய். மாதம் 1,080. கட்டணப் பங்கு வந்தால் கொஞ்சம் கூடும்.

இதில் கரண்ட்? நல்ல மெஷினாக, 17.5 ஜூல் என்றே வைப்போம். 10 டெராஹாஷுக்கு 175 வாட், மாதம் 126 யூனிட். எங்கோ மலிவாக 5 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றாலும் 630 ரூபாய். மிச்சம் 450.

சித்தப்பா பையனுக்குச் சொல்லியிருப்பது 60,000க்கு மாதம் 8 சதவீதம், 4,800 ரூபாய். மெஷின் சம்பாதிப்பது 450. மீதி 4,350 யார் பையிலிருந்து வருகிறது?

சந்தேகப்பேர்வழி:

உங்கள் பையிலிருந்துதான், சேர்ந்தால்.

இது புதுசு இல்லை. கெயின்பிட்காயின் ஞாபகம் இருக்கிறதா? கிளவுட் மைனிங், மாதம் 10 சதவீதம், 18 மாதம். முதலில் பிட்காயினில் கொடுத்தார்கள், பிறகு எம்கேப் என்று தங்கள் சொந்த டோக்கனைக் கையில் திணித்தார்கள். நடத்தியவர் 2018இல் கைதானார், வழக்கு பின்னால் சிபிஐக்குப் போனது. வெளிநாட்டில் ஹாஷ்ஃப்ளேர் என்று எஸ்தோனியாக்காரர்கள் நடத்தினார்கள். விற்ற ஹாஷ்ரேட்டில் ஒரு சதவீதம்கூட அவர்களிடம் இல்லை என்று அமெரிக்க நீதித்துறை சொன்னது. 2025இல் நிறுவனர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

போனில் "மைனிங்" செய்யும் ஆப்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போனிலேயே மைனிங் செய்யும் ஆப்களை ஆப்பிளும் கூகுள் பிளேயும் 2018இலேயே தடை செய்துவிட்டன. தினமும் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும் ஆப் எண்ணுவது உங்கள் அழுத்தலை, ஹாஷை இல்லை.

நள்ளிரவு_நிரலர்:

எல்லாக் கிளவுட் ஒப்பந்தமும் மோசடி என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். ஹாஷ்ரேட்டை உண்மையாகவே வாடகைக்கு விடும் சந்தைகள் இருக்கின்றன. அங்கே எந்தப் பூலுக்கு அனுப்புவது என்பதை வாங்குகிறவர்தான் தீர்மானிப்பார், ஷேர் விழுவதைப் பூலின் பக்கத்தில் தன் கண்ணாலேயே பார்ப்பார். ஆனால் சதவீத உத்தரவாதம் அங்கேயும் கிடையாது, லாபம் வருவதும் அபூர்வம்.

கோவில்பட்டிக்காரரே, அந்தக் கம்பெனியிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: எந்தப் பூல், அதில் என் 10 டெராஹாஷைக் காட்டும் வாட்ச்சர் லிங்க் எங்கே? பார்க்க மட்டும் அனுமதிக்கும் லிங்க் அது, கொடுப்பதில் அவர்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை.

கோவில்பட்டிக்காரன்:

கேட்கச் சொன்னேன். "பாதுகாப்புக் காரணங்களால் பகிர இயலாது, எங்கள் ஆப்பிலேயே ஹாஷ்ரேட் மீட்டர் ஓடுகிறதே" என்று பதில். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. போட்ட பணத்தை எடுக்க விண்ணப்பித்திருக்கிறான், "ரிலீஸ் கட்டணம்" 9,000 கட்டச் சொல்கிறார்கள்.

சந்தேகப்பேர்வழி:

ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். 1930க்குக் கூப்பிட்டு சைபர் கிரைமில் புகார் பதியச் சொல்லுங்கள், இன்றைக்கே. ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய யுடிஆர் எண் (வங்கிப் பரிவர்த்தனை எண்), வாட்ஸ்அப் உரையாடல், எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைக்கட்டும். குரூப்பை விட்டு வெளியேற்றினால் அப்புறம் ஒன்றும் கிடைக்காது.

கோவில்பட்டிக்காரன்:

செய்கிறோம் அண்ணா, நன்றி. ஹால்விங் மட்டும் யாரும் விளக்கவில்லை. அப்புறம், மைனர்கள் எல்லாரும் சேர்ந்து நினைத்தால் என் வாலட்டில் இருப்பதை எடுத்துவிட முடியுமா?

நள்ளிரவு_நிரலர்:

2,10,000 பிளாக்குக்கு ஒரு முறை, ஏறக்குறைய நான்கு வருடம், புதிதாகப் பிறக்கும் பிட்காயின் பாதியாகும். 50இல் தொடங்கி 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024இல் 3.125. இப்படியே போய் 2140 வாக்கில் நின்றுவிடும், மொத்தம் 2.1 கோடிக்கு மேல் போகாது. அதன்பிறகு மைனருக்குப் பரிவர்த்தனைக் கட்டணம் மட்டும்தான். அது போதுமா என்பது இன்னும் தீராத சண்டை. 2024 ஹால்விங் நடந்த 8,40,000ஆவது பிளாக்கில் ரூன்ஸ் என்ற புது டோக்கன் மோகத்தால் கட்டணமே 37 பிட்காயினுக்கு மேல் வந்தது. ஆனால் அதை வைத்துக் கணக்குப் போட்டால் தீபாவளி வியாபாரத்தை வைத்து வருட வருமானம் சொன்ன கதை ஆகும்.

பிளாக்கின் முதல் பரிவர்த்தனையில்தான் மைனர் தன் பரிசைத் தனக்கே எழுதிக்கொள்கிறார். அதற்குப் பெயர் காயின்பேஸ், அதே பெயரில் இருக்கும் எக்ஸ்சேஞ்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் பணத்தை 100 பிளாக் கழியும்வரை செலவழிக்க முடியாது. ஏனென்றால் சில சமயம் இரண்டு மைனர்கள் ஒரே நேரத்தில் பிளாக் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த பிளாக் எதன்மேல் ஏறுகிறதோ அது நிற்கும், மற்றது உதிர்ந்துவிடும், பரிசும் போச்சு.

உங்கள் இரண்டாவது கேள்வி 51 சதவீதத் தாக்குதல். பாதிக்கு மேல் ஹாஷ்ரேட் ஒருவர் கையில் இருந்தால், தான் செலவழித்த பணத்தை, சமீபத்திய பிளாக்குகளை மாற்றி எழுதி, திரும்பத் தனக்கே எடுத்துக்கொள்ளலாம். பிட்காயின் கோல்ட் என்ற தனி நாணயத்தில் 2018இல் நடந்தது, ஈதீரியம் கிளாசிக்கில் 2019இலும் 2020இலும். சின்ன நெட்வொர்க் என்றால் ஹாஷ்ரேட்டை வாடகைக்கு எடுத்தே அடிக்கலாம். பெரிய தொகைக்கு 6 கன்ஃபர்மேஷன் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். உங்கள் பரிவர்த்தனை இருக்கும் பிளாக்கையும் சேர்த்து ஆறு பிளாக். ஆனால் உங்கள் பிரைவேட் கீ (காசை அனுப்பத் தேவைப்படும் ரகசிய எண்) இல்லாமல் உங்கள் காசை எத்தனை சதவீதம் வைத்திருப்பவராலும் அனுப்ப முடியாது. அது போவதென்றால், அந்தக் கீயோ, அதைத் திரும்ப உருவாக்கித் தரும் 12 வார்த்தை சீட் பிரேஸோ வேறொருவர் கைக்குப் போனால்தான்.

கணக்குப்பிள்ளை:

உண்மையாக மைனிங் செய்கிறவர்களுக்கு ஒரு வரி. இந்தியாவில் விற்கும்போது லாபத்தில் 30 சதவீத வரி, மேலே செஸ், எக்ஸ்சேஞ்சில் 1 சதவீத டிடிஎஸ். மெஷின் போன்ற உள்கட்டமைப்புச் செலவைக் கொள்முதல் விலையாகக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. நஷ்டத்தை வேறு வருமானத்தில் ஈடுகட்டவும் முடியாது. மேலே நான் போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவே இல்லை.

கோவில்பட்டிக்காரன்:

லாபம் வேண்டாம், எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. சின்னதாக ஏதாவது இருக்கிறதா? வீட்டு லேப்டாப்பில் ஓட்டலாமா?

பழைய_ஜிபியு:

லேப்டாப் என்றால் மொனேரோ என்ற கிரிப்டோ. ஏசிக்குக்கு இடம் கொடுக்கக்கூடாது என்றே 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற ஹாஷ் முறைக்கு மாறினார்கள், சிபியுவில் ஓடும். சில்லறைகூடத் தேறாது, ஃபேன் கத்தும். பிட்காயினே பார்க்க வேண்டும் என்றால் பிட்ஆக்ஸ் என்று உள்ளங்கை அளவில் ஒரு ஓப்பன் சோர்ஸ் போர்டு வருகிறது. காமா மாடல் ஒரு டெராஹாஷுக்குக் கொஞ்சம் மேலே, 20 வாட்டுக்குள். ஷேர் விழுவது, டிஃபிகல்ட்டி, ஸ்டேல் எல்லாம் பிரவுசரிலேயே பார்க்கலாம். லாட்டரி மைனர் என்பார்கள். ஒரு டெராஹாஷ் என்றே வைத்தால் சோலோவில் பிளாக் கிடைக்கச் சராசரி 19,000 வருடம் சொச்சம்.

சந்தேகப்பேர்வழி:

2003இல் லாட்டரியைத் தடை செய்த மாநிலத்தில் 19,000 வருடத்துக்கு ஒரு குலுக்கலா? நடத்துங்கள்.

ஈபி_ரிட்டையர்டு:

20 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட், தாராளமாக ஓட்டலாம் தம்பி. 6 ஆம்பியர் பிளக்கே போதும். காமாவுக்கு 5 வோல்ட் அடாப்டர். போன் சார்ஜரை மாட்டாதீர்கள், போர்டுக்குச் சொன்ன ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட்டைத் தெரியாமல் சொருகினால் முதல் ஷேர் விழுவதற்குள் போர்டு போய்விடும்.